ரசமட்டம் தன் வீட்டுக்குக் கட்டிய குளியலறை

என் தங்கையின் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொத்தனார்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அவரை வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அவர் ரசமட்டம்தான். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழ் ஓடுகிற ஒரு கட்டை வைத்திருப்பார்களே, அந்த ரசமட்டம் முப்பத்தைந்து வருஷமாக அவர் பையை விட்டு இறங்கியதில்லை. விருந்துக்குப் போன இடத்தில் மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டுத்தான் உட்காருவார். என் மனைவி அவர் காதுபடவே சொல்லுவாள், "அண்ணன் பொறந்த அன்னைக்குத் தொட்டில் கொஞ்சம் சாஞ்சிருந்திருக்கும். அதுக்குத்தான் அழுதிருப்பாரு, பாலுக்கு இல்ல."

அவர் தொழில் டைல்ஸ் பதிப்பது. அதிலும் குளியலறை மட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த வாரம் யார் வீட்டுக் குளியலறையை எப்படி மாற்றினார் என்று சொல்லாமல் எழுந்து போக மாட்டார். நான் அதிகம் படித்தவன் இல்லை, ஆனால் உலகத்தில் மனிதர்கள் எப்படிக் குளிக்க ஆசைப்படுகிறார்கள் என்பதை அவர் வாயால் கேட்டே தெரிந்துகொண்டேன்.

"இப்பெல்லாம் பளபளப்புன்னாலே மூஞ்சிய சுளிக்கிறாங்க மச்சான். கல்லு மாதிரி, மண்ணு மாதிரி மங்கலா இருக்கணும். தரையில என்ன கலரோ அதேதான் சுவத்துக்கும். முடிஞ்சா கூரைக்கும். ஆள் உயரத்துக்கு ஒரே பலகை. இணைப்பு எங்க இருக்குன்னு விளக்குப் புடிச்சுத் தேடணும். படிக்கட்டு கூடாது, நிலைப்படி கூடாது. தண்ணி போற ஓட்டை கூடாது, அதுமேலயும் டைல்ஸ ஒட்டி மறைச்சிடணும். கம்மோடு தரையத் தொடாம சுவத்துல தொங்கணும், தண்ணித் தொட்டி சுவத்துக்கு உள்ள போயிடணும். குளிக்கிற இடத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. அதுக்குச் சட்டமும் கிடையாது."

"விளக்கு?" என்பாள் என் மனைவி.

"அதையும் கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கணும்."

"எல்லாத்தையும் ஒளிச்சாச்சு. குளிக்கிற ஆளையும் எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிட்டா வேலை முடிஞ்சுது."

அவர் சிரிக்க மாட்டார். தொழில் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்தாவது, கடைசி. பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஐம்பத்து நான்கு வயதிலும் அவள் பொடிசுதான். அவர்கள் வீட்டுக் குளியலறை மட்டும் முப்பது வருஷமாக அப்படியே கிடந்தது. அரை அடி உயரப் படியில் ஏறி இறங்க வேண்டும். இடுப்பு உயரம் வரை நீல டைல்ஸ், அதற்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. அந்த நீலம் அவள் எடுத்தது. புதுசாகக் கல்யாணமாகி வீடு கட்டியபோது, கம்பெனி கழித்துப் போட்ட சரக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒவ்வொரு டைல்ஸின் ஓரத்திலும் மேல்பூச்சு வழிந்து உறைந்த ஒரு சின்ன மேடு இருக்கும். அதைப் பதிக்கும்போது ரசமட்டம் முணுமுணுத்துக்கொண்டே பதித்தார். "இந்தச் சுவத்துல எந்த மட்டமும் நிக்காது" என்பார். "நிக்கலன்னா உக்காரட்டும்" என்பாள் இவள்.

போன வருஷம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. ஊரில் இருக்கிற வீடுகளிலெல்லாம் தன் கையால் கட்டிய குளியலறை, தன் வீட்டில் மட்டும் பழைய கழிசல். அவர்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவளும் தினம் ஒரு படம் அனுப்பி உசுப்பேற்றினாள். பொடிசு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீலம் இருக்கட்டும்ங்க."

"நீலமா? அதெல்லாம் யாரு இப்போ போடறாங்க? நான் உனக்குப் போடறதப் பாரு, நாலு தெரு வந்து பாக்கும்."

ஆறு மாதம் ஆனது. வேலை இல்லாத நாளிலெல்லாம் தன்னந்தனியாகச் செய்தார். வெளிர் மண் நிறம். தரை, சுவர், கூரை எல்லாம் அதே. கம்மோடும் கைகழுவும் தொட்டியும்கூட அதே நிறத்தில் தேடி வாங்கி வந்தார். கண்ணாடித் தடுப்பு தரையிலிருந்து அப்படியே முளைத்த மாதிரி நின்றது. முடிந்த அன்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மடித்த விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். எங்கும் பொக்கென்று ஒரு சத்தம் வரவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது எங்கே போனதென்றே தெரியாமல் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், நான் அவ்வளவு அழகான அறையை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு முட்டைக்குள்ளே நிற்கிற மாதிரி இருந்தது.

பொடிசு வாசலிலேயே நின்றாள். "நல்லா இருக்கு" என்றாள். உள்ளே வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தினம் காலையில் துண்டும் சோப்புமாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. "உங்க வீட்டுத் தண்ணி உடம்புக்கு நல்லா இருக்கு அண்ணி" என்று என் மனைவியிடம் சொன்னாள். தண்ணீர் ஒரே குழாயிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் வருகிறது. என் மனைவி நாத்தனாரோடு வாதாடுகிறவள் அல்ல. "வா, குளி. புருஷன் பொண்டாட்டி சண்டைக்குப் பாத்ரூம் பொதுவா இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் குளியலறை சிவப்புத் தரை, வெள்ளைச் சுவர், கறுப்பு வாளி. வாசலில் வந்ததும் அவள் கால் கட்டை விரலால் படியை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் ஏறினாள். கை சுவர் மேலேயே இருந்தது. பக்கத்தில் நான் நின்றால் அவளுக்குத் தெரியவில்லை. நேர் எதிரே நின்றால்தான் "அண்ணே" என்றாள்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மாவின் அக்கா, அவளுடைய இரண்டாவது மகள், அம்மாவுக்குச் சித்தப்பா முறையில் ஒருவர், மூன்று பேருக்கும் ஐம்பதை ஒட்டிக் கண் போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வருகிற நோய். பெரியம்மா படுக்கையிலிருந்து அடுப்படி வரை சுவரைத் தடவித் தடவி நடந்த இடத்தில், சுண்ணாம்பின் மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. சின்ன வயதில் நான் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி விளையாடியிருக்கிறேன். பொடிசுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது ரசமட்டத்தின் அப்பா கேட்டார், "குடும்பத்துல வியாதி வெக்கை ஏதாச்சும்?" பெரியவனாக நான்தான் பதில் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்க."

ஒருநாள் அவள் குளித்து வந்ததும் கேட்டுவிட்டேன். "பொடிசு, பெரியம்மா கண்ணா?"

தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சு போச்சா?"

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. வீடு மனப்பாடம், அதனால ஒருத்தருக்கும் தெரியல. பழைய பாத்ரூமு தெரியும்ணே. நீலம் எங்க முடியுதோ அங்க சுவரு, படி இடிச்சா அது வாசல். புதுசுல கதவ சாத்தினா நான் எங்க இருக்கேன்னே தெரியல. எல்லாம் ஒண்ணா இருக்கு. கஞ்சிக்குள்ள விழுந்த மாதிரி."

"வா, மாப்பிள்ளைகிட்ட சொல்லுவோம். டாக்டரப் பாப்போம்."

"வேண்டாம். பெரியம்மாவுக்கு என்ன பண்ணாங்க? ஒண்ணும் பண்ண முடியலல்ல? ஆறு மாசம், ஒத்த ஆளா, எனக்காகக் கட்டினாரு. அது எனக்குத் தெரியலன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது? கொஞ்ச நாள் போகட்டும். நீ வாயத் திறந்தா நான் இந்த வாசல் மிதிக்க மாட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னதற்காக மட்டுமா என்று இப்போது கேட்டால், இல்லை. கண்ணைப் பற்றிச் சொன்னால் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னால், அன்றைக்கு "ஒண்ணும் இல்லீங்க" என்றவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் ரசமட்டம் வாடிப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவர் குளியலறைக் கதை எதையும் எடுக்காமல் சொன்னார், "ஊரே நான் கட்டினதுல குளிக்குது மச்சான். கட்டின பொண்டாட்டி மட்டும் துண்டத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போறா. அந்த நீலத்த ஒடைச்சதுக்குக் கோவமா? கேட்டா 'நல்லாத்தான் இருக்கு'ங்கறா. எது கொறைன்னு சொன்னா சரி பண்ணலாம். நல்லா இருக்குன்னா நான் எதைச் சரி பண்றது?"

எதிரே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைவிரல் தானாக மேஜை மூலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படி ஏழு மாதம் போனது. பிறகு மகள் நாலு நாள் லீவில் வந்தாள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து வழி மறித்துவிட்டாள். "என்னம்மா இது கூத்து? அப்பா உனக்குன்னு கட்டி வச்சிருக்காரு, நீ மாமா வீட்டுக்குப் போறியா? இன்னைக்கு இங்கதான் குளிக்கற." மகளிடம் மறுத்துப் பேச முடியாமல் பொடிசு உள்ளே போனாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நானும் ரசமட்டமும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? ஏழு மாதமாக அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம். மரத்தில் மரம் மோதுகிற மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை.

மகள்தான் முதலில் ஓடித் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தாள். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். பொடிசு துணியைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பின் விளிம்பில் நெற்றி மோதியிருந்தது. புருவத்துக்கு மேல் பிளந்து, அந்த மண் நிறத் தரையில் ரத்தம் விழுந்திருந்தது. அவள் வலியென்று சொல்லவில்லை. ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாள், "கதவு எந்தப் பக்கம்?"

கதவு அவளுக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளித் திறந்து கிடந்தது. நாங்கள் மூன்று பேர் அதில் நின்றுகொண்டிருந்தோம்.

ரசமட்டம் அவளைப் பார்த்தார். தன் சுவரைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார். மட்டம் தவறினதைக் கண்டுபிடிக்கிற கண் அது.

"எத்தனை மாசமா தெரியும் மச்சான்?"

"ஏழு."

அவர் குனிந்து அவளைத் தூக்கினார்.

நெற்றிக்கு நாலு தையல். அங்கிருந்தே கண் மருத்துவரிடம் போனோம். அந்த மருத்துவர் அம்மா விளக்கை வைத்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். "குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார். பொடிசு வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். பெரியம்மா, அவள் மகள், சித்தப்பா தாத்தா, ஒருவர் விடாமல் முறை வைத்துச் சொன்னேன். முப்பது வருஷம் தாமதமாக.

"இந்தக் காலத்துல சொட்டு மருந்து இருக்குங்க. போனது திரும்பாது, ஆனா இருக்கறத முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தப் பாக்கலாம். ஒரு ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா நெறைய மிஞ்சியிருக்கும்" என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தினம் பலரிடம் சொல்லிப் பழகிய குரல்.

வெளியே வந்ததும் ரசமட்டம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "அன்னைக்கு எங்கப்பாகிட்ட சொல்லியிருந்தாலும் நான் அவளக் கட்டியிருப்பேன். ஆனா அவ கண்ண வருஷா வருஷம் காட்டியிருப்பேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. பொடிசும் வரவில்லை. என் மனைவி அந்தக் கறுப்பு வாளியைத் தினம் நிரப்பி வைத்துவிட்டு, மத்தியானம் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றினாள். என்னிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

நீல டைல்ஸைத் தேடி ரசமட்டம் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். எங்கும் சாம்பல், மணல், மண், கல். ஒரு கடைக்காரர் சிரித்திருக்கிறார். "என்ன ரசமட்டம், நீங்கதானே நீலத்த ஆஸ்பத்திரி கலருன்னு சொல்லி எல்லாரையும் மாத்த வச்சீங்க? இப்போ நீங்களே வந்து கேக்கறீங்க?" பழையதை உடைத்த சில்லுகளைக் கொட்டிய பள்ளத்துக்கும் போயிருக்கிறார். அதன் மேல் மண் நிரவி யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். இப்படி ஐந்தாறு வாரம் நீலத்திலேயே போய்விட்டது. கடைசியில் மருத்துவமனையில் சொட்டு மருந்து போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் சொன்னாராம், மங்கிய கண்ணுக்கு மஞ்சள்தான் கடைசி வரை தெரியும் என்று.

அப்போதுதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "கலவை எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

போனேன். கண்ணாடித் தடுப்பைக் கழற்றி வெளியே சாத்தியிருந்தார். ஆறு மாதம் இழைத்த சுவரை, ஒரு இணைப்புக்கூடத் தெரியாத அந்தப் பலகையை, இடுப்பு உயரத்துக்கு வெட்டினார். வெட்டும் இயந்திரம் கத்திய கத்தலில் எனக்குப் பல் கூசியது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வாசலிலிருந்து குழாய் வரை, குழாயிலிருந்து கம்மோடு வரை, திரும்ப வாசல் வரை ஒரே வரிசையாக மஞ்சள் டைல்ஸ். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வாங்கியதில் மிஞ்சியது. அழகா என்றால் அழகில்லை. நாலு தெரு வந்து பார்க்காது. வாசலில் அரை அடிப் படியும் வந்துவிட்டது. வேலை முடிகிற வரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "கலவை", "போதும்", "அந்தப் பக்கம் புடிங்க" இவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காய்ந்ததும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் கால் கட்டை விரலால் படியைத் தொட்டாள். உதட்டில் சிரிப்பு வந்தது. கையை நீட்டி வரிசையைத் தொட்டாள். அப்படியே தடவிக்கொண்டு குழாய் வரை போனாள். பிறகு முகத்தைச் சுவருக்குக் கிட்டத்தில் கொண்டு போனாள். ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பழைய நீலமே கெடச்சுதாங்க?" என்றாள்.

ஐந்தாறு வாரத்தில் அவ்வளவு பார்வை போயிருக்கிறது. ரசமட்டம் ஓரத்தில் கிடந்த பூச்சுக் கரணையைக் கையில் எடுத்தார்.

"கெடச்சுது" என்றார். "அதே நீலம். அலைஞ்சேன், ஆனா கெடச்சுது."

"அப்படிச் சொல்லுங்க. நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

இப்போதும் அவர் வேலைக்குப் போகிறார். ஆனால் போகிற வீட்டில் படம் எதையும் பார்ப்பதற்கு முன்னால், "வீட்டுல யாருக்காச்சும் கண்ணு மங்கலா? வழிவழியா ஏதாவது?" என்று கேட்கிறாராம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். குளியலறைக்கு வந்த ஆளுக்கு எங்கள் பரம்பரை எதற்கு என்று ஒரு வீட்டில் திருப்பி அனுப்பியே விட்டார்கள். என்னோடு பேசுகிறார், மச்சான் என்று கூப்பிடுகிறார். பழைய மாதிரி உட்கார்ந்து குளியலறைக் கதை மட்டும் சொல்வதில்லை.

சொட்டு மருந்து போட்டும் பொடிசுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. போன மாதம் நான் தனியாக அவளோடு உட்கார்ந்திருந்தபோது, அவர் தெருமுனைக்குப் போய்விட்டாரா என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, என் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, அது நீலம் இல்லதானே?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"தொட்ட அன்னைக்கே தெரியும், தெரிஞ்சுதான் நீலமான்னு கேட்டேன். பழசுல ஓரத்துல ஒரு மேடு இருக்கும். ஒவ்வொண்ணா பொறுக்கினவ நான். இது வழுவழுன்னு இருக்கு. நீயும் மறைக்காத. என்ன கலரு?"

"மஞ்சள்" என்றேன்.

"மஞ்சளா." கொஞ்ச நேரம் அதை மனசுக்குள் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தாள். "பளிச்சுன்னு இருக்குமா?"

"கண்ணப் பறிக்குது."

"பாவம், அவருக்குப் புடிக்கவே புடிக்காத கலரு" என்றாள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. என் கையை அழுத்தினாள். "நீலமாவே இருக்கட்டும்ணே. அவருகிட்ட சொல்லிடாத."